டைமர் ஓடினால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். வெப்சைட்டிலும் விற்கிறோம். ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வருவதில்லை. ‘சைக்காலஜி பேக்கேஜ்’ என்று ஓர் ஏஜென்சி 80,000 ரூபாய் கேட்கிறது. கவுண்ட்டவுன் டைமர், ‘இன்னும் 2 மட்டுமே’, ‘37 பேர் பார்க்கிறார்கள்’ என்ற அறிவிப்புகள், பட்டன் நிறம் மாற்றுவது எல்லாம் அதில் உண்டாம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவையெல்லாம் இன்றைக்கு வந்தவரை அவசரப்படுத்தி வாங்க வைக்கும் வேலைகள். போனவர் ஏன் திரும்பவில்லை என்பதுதானே உங்கள் கவலை?

உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 நொடியோடு மேலும் 30 நொடி. அதற்குள் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், முடிவு மட்டும் சற்று இதம். ஓர் அனுபவத்தில் உணர்ச்சி மிகுந்த உச்சமும் கடைசியும்தான் மனசில் தங்குகின்றன.

உங்கள் வெப்சைட்டில் உச்சம், பணம் கட்டும் இடம். யுபிஐ ஆப்புக்குப் போய்த் திரும்பியவர் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்து, ‘பணம் போச்சா?’ என்று பதறுவார். சேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பதற்றம் மறக்காது. அந்தப் பக்கத்திலேயே, ‘பணம் கழிந்தும் ஆர்டர் பதிவாகவில்லையா? 5 நாளுக்குள் தானாகத் திரும்பும், இந்த எண்ணில் பேசுங்கள்’ என்று தமிழில் எழுதுங்கள். அந்த 5 நாள் ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. பணத்தை எடுக்க ஒரு நொடி, திருப்பித் தர ஐந்து நாள்! அந்த விதியையாவது வாடிக்கையாளர் கண்ணில் படும்படி போட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைசி, பார்சல் பிரிக்கும் நேரம். முதல் துவைப்பு எப்படி என்று ஒரு சீட்டு வையுங்கள், போதும்.

இனி ஏஜென்சி. பொய்யாக ‘2 மட்டுமே’ என்று போடுவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. நோட்டீஸ் வந்தால் உங்கள் கடை பெயருக்குத்தான் வரும், ஏஜென்சிக்காரர் போனை எடுக்க மாட்டார். 2025இல் அதே ஆணையம் பெரிய தளங்களை, மூன்று மாதத்துக்குள் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்றது. திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். ‘வெப்சைட் மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது, மில்லர் சொல்லியிருக்கிறார்’ என்றும் ஏஜென்சிக்காரர்கள் சொல்வார்கள். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியது மனசில் பிடித்து வைக்கும் அளவைப் பற்றி. கண்ணெதிரே இருக்கும் மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

ஒரே ஒரு விலக்கு. உங்களிடம் நிஜமாகவே ஒரு சேலைதான் இருந்தால் ‘ஒன்றுதான் உள்ளது’ என்று தாராளமாகப் போடுங்கள். கையால் முடிச்சிட்டுச் சாயம் போட்ட சுங்குடியில் அச்சாக இன்னொன்று கிடைக்காது, அது உண்மையான தகவல். ஆனால் விற்றதும் அந்த வரி போக வேண்டும். அதே டிசைனில் மறுபடி வந்தால் புதுப் படம் எடுத்துப் போடுங்கள், பழைய படத்தின் கீழே ‘ஒன்றுதான்’ என்று தொங்கக் கூடாது. கடையிலும் அதே சேலை அலமாரியில் இருந்தால், கவுண்ட்டரில் விற்ற நிமிடமே வெப்சைட்டிலும் கழியுங்கள். ஆர்டர் எடுத்துவிட்டு ‘ஸ்டாக் இல்லை’ என்று சொன்னால் கடைசியும் கெட்டது, உச்சமும் கெட்டது.

அப்புறம், உங்கள் டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பழைய டிசைனர் பெயரில் இருந்தால் முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.