டிவி மாட்டியதும் கோயில் ஸ்பீக்கர் ஊமையானால்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "கோயில் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளம் இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் டிவி மாட்டியதிலிருந்து ஸ்பீக்கரில் தேவாரம் கேட்கவில்லை. சவுண்ட் போர்டு போய்விட்டது, மாற்ற 250 ரிங்கிட் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?"

மாற்றாதீர்கள் ஐயா. இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் தனியாகச் சவுண்ட் போர்டு என்று ஒன்று கிடையாது. மெயின் போர்டிலேயே அந்தச் சிப் இருக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். அங்கே டிவி இல்லாமல் மாட்டினால் சத்தம் தானாகவே திரும்பி வரலாம். "மாத்தியாச்சு" என்று காசு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழற்றிய பழைய போர்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

கட்டளை தட்டும் 'டெர்மினல்' திரையைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'டபிள்யூ, பி, சி, டி, எல்' (wpctl) ஐந்தையும் சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு 'ஸ்டேட்டஸ்' (status) என்று போட்டு என்டர் அழுத்துங்கள். 'சிங்க்ஸ்' (Sinks, சத்தம் போகும் இடங்கள்) என்பதன் கீழ் எண்ணோடு பெயர்கள் வரும். நட்சத்திரக் குறி உள்ளதற்குத்தான் இப்போது சத்தம் போகிறது. ஸ்பீக்கர் வழியான 'அனலாக்' (Analog) என்பதன் எண் 52 என்றால், அதே ஐந்து எழுத்து, இடைவெளி, நடுவில் சிறுகோடு போட்ட 'செட்-டிஃபால்ட்' (set-default), இடைவெளி, 52. அவ்வளவுதான். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்க வேண்டாம், அடுத்த முறை மாறலாம்.

பட்டியலில் அனலாக்கே இல்லையா? இங்கேதான் பலர் பயந்து கடைக்கு ஓடுகிறார்கள். டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே சவுண்ட் கார்டு (மெயின் போர்டில் உள்ள சிப்பையும் லினக்ஸ் இப்படித்தான் சொல்லும்) என்றால், ஒரு நேரத்தில் ஒரு வழியைத்தான் அது திறந்து வைக்கும். மற்றது பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். மறைந்ததே தவிர கெடவில்லை. 'பாவுகண்ட்ரோல்' (pavucontrol) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 'கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் 'அனலாக் ஸ்டீரியோ'வைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மேலே சொன்ன கட்டளையை மறுபடி தட்டிப் பாருங்கள், பெயர் வந்திருக்கும்.

ஒரு வயர் மாட்டியதற்கு, கேட்காமல் கொள்ளாமல் சத்தத்தை வேறு பக்கம் திருப்புவது என்ன ஏற்பாடு? லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் மென்பொருள்களே ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று பல அடுக்கு, அடுக்குக்கு ஒரு கட்டளை வேறு. சாதாரண மனிதர் எதை ஞாபகம் வைப்பார்?

இன்னும் சத்தம் இல்லையென்றால் டெர்மினலில் 'அல்சாமிக்சர்' (alsamixer) என்று தட்டி, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர் பட்டையின் கீழ் 'எம்எம்' என்றிருந்தால் ஊமையாக இருக்கிறது. எம் விசையை ஒருமுறை அழுத்துங்கள்.