திறந்த உரிமத்தில் வந்த ஓர் உரை விளையாட்டிலிருந்து சண்டை விதியை எடுத்தால், என் விளையாட்டையும் அதே மாதிரி திறந்த உரிமத்தில் விட வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் எடுத்த 'பசி ஏறினால் அடியின் வலு குறையும்' என்ற விதி வெறும் யோசனை. பதிப்புரிமை யோசனைக்கு இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான். அறிவுசார் சொத்துக்கான உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 9(2) பிரிவே அப்படிச் சொல்கிறது.

சிக்கல், அந்த விளையாட்டிலிருந்து எடுத்த அறை வர்ணனைகளில்தான் இருக்கும். "பாசி படிந்த படிகள் கிழக்கே இறங்குகின்றன" என்பதில் கிழக்கை வடக்காக்கினால் அது உங்கள் எழுத்தாகிவிடாது. அந்த உரை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (பெயர் குறிப்பிட்டு, மாற்றியதை அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் உரிமம்) என்றால், எழுதியவர் பெயரையும் உரிமத்தின் சுட்டியையும் போட்டு, மாற்றியதைச் சொல்லி, அந்த வர்ணனைகளை அதே உரிமத்தில் விடுங்கள். நீங்கள் தனியாக எழுதிய நிரலுக்கு அது பொருந்தாது.

அப்புறம், மூலத் தொகுப்பின் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். நிரலுக்கு ஒன்று, உரைக்கு வேறொன்று இருக்கலாம். சர்க்கிள்மட் (பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் உரை விளையாட்டுக்கான நிரல்) மாதிரிப் பழைய நிரல்கள் மூலத்தைத் தந்தாலும் அதை வைத்துப் பணம் பண்ண விடுவதில்லை.