ஃப்ரீ 4096, ஆனால் இடமில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் லினக்ஸ் சர்வரில் 2 எம்பி ஹ்யூஜ் பேஜ் (வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கம்) 4096 ஒதுக்கியிருக்கிறோம், மொத்தம் 8 ஜிபி. முதல் நிரல் தொடங்கியதுமே எம்மேப்பில் (கெர்னலிடம் நினைவகம் கேட்கும் அழைப்பு) 6 ஜிபி வாங்கிக்கொண்டது. அதில் எதையும் இன்னும் தொடவில்லை. அடுத்த நிரல் 3 ஜிபி கேட்டதற்கு ஈநோமெம் (நினைவகம் போதாது என்ற பிழை) வந்தது. நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் ஃப்ரீ 4096 என்றுதான் இருக்கிறது. காலியாகக் கிடப்பதைக் கொடுப்பதில் கெர்னலுக்கு என்ன தயக்கம்?

இரண்டு சாக்கெட் (ப்ராசஸர் செருகும் இடம்) உள்ள இன்னொரு இயந்திரத்தில் நேர்மாறான சிக்கல். அங்கே எம்மேப் வெற்றி பெறுகிறது, ஆனால் நிரல் பாதி ஓட்டத்தில் சிக்பஸ் (தொட்ட நினைவகத்தைக் கொடுக்க முடியாதபோது கெர்னல் அனுப்பும் கொல்லும் சைகை) வாங்கிச் சாகிறது. செத்த பிறகும் ஃப்ரீ பழைய எண்ணுக்குத் திரும்புவதில்லை. விளக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஃப்ரீ என்ற வரிக்கு அடுத்த வரியையும் சேர்த்துப் படியுங்கள். அதில் ரிசர்வ்ட் 3072 என்று இருக்கும். ஃப்ரீ என்பது குளத்தில், அதாவது ஒதுக்கிவைத்த ஹ்யூஜ் பேஜ்களின் தொகுப்பில், இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத பக்கங்கள். அவற்றில் எத்தனைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதை ரிசர்வ்ட் சொல்கிறது. புதிதாக வருபவருக்குக் கிடைப்பது இரண்டின் வித்தியாசம் மட்டுமே: 4096 கழித்தல் 3072, அதாவது 1024. உங்கள் இரண்டாவது நிரலுக்குத் தேவை 1536.

முதல் நிரல் ஒரே ஒரு பைட்டை எழுதட்டும். பேஜ் ஃபால்ட் (தொட்ட இடத்துக்கு இன்னும் பக்கம் இல்லை என்று கெர்னலை அழைக்கும் நிகழ்வு) வரும், ஒரு பக்கம் கைமாறும். ஃப்ரீ 4095 ஆகும், ரிசர்வ்ட் 3071 ஆகும். இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் வித்தியாசம் 1024-லேயே நிற்கும். கண்காணிப்புத் திரையில் ஃப்ரீயை மட்டும் வரைபடமாகப் போட்டு வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இடம் பிடிப்பது என்றதும் இருக்கையில் துண்டு போடுவது நினைவுக்கு வரலாம். இங்கே எந்தப் பக்கத்தின் மீதும் துண்டு விழுவதில்லை. முன்பதிவு வெறும் எண்ணிக்கை. எந்தப் பக்கம், எந்த நோடில் (ஒரு சாக்கெட்டோடு சேர்ந்த நினைவகப் பகுதி) இருக்கும் பக்கம் என்பதெல்லாம் ஃபால்ட் வரும் நேரத்தில்தான் முடிவாகும். உங்கள் சிக்பஸுக்கு வேர் இதுதான்.

இரண்டு சாக்கெட் இயந்திரத்தில் 4096 பக்கங்கள் நோடுக்கு 2048 என்று பிரிந்திருக்கும். நியூமாகண்ட்ரோல் கருவியில் மெம்பைண்ட் (இந்த நோடிலிருந்து மட்டும் நினைவகம் எடு என்ற கட்டளை) கொடுத்து இரண்டு நிரல்களை 0-ஆவது நோடில் கட்டிவிட்டு, ஒவ்வொன்றும் 1536 கேட்பதாக வையுங்கள். மொத்தக் கணக்கில் 3072, குளத்தில் 4096, தடையில்லை. அந்த நோடில் மட்டும் எத்தனை ஃப்ரீ என்றும் கெர்னல் ஒரு பார்வை பார்க்கிறது. ஆனால் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கை அங்கே கழிப்பதில்லை. இரண்டு பேருமே இன்னும் எதையும் தொடாததால் 2048 ஃப்ரீ என்றே தெரியும், இரண்டு எம்மேப்பும் தேறிவிடும். பிறகு இருவரும் சேர்ந்து 2048-ஐத் தொட்டு முடித்ததும், அடுத்த பக்கத்தைத் தொடுபவருக்கு சிக்பஸ். 1-ஆவது நோடில் 2048 பக்கங்கள் சும்மா கிடக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. இது கெர்னல் எழுதியவர்களுக்குத் தெரியாத ஓட்டை அல்ல. கணக்கு முழு இயந்திரத்துக்கும் பொதுவானது, சிபியுசெட் (நிரலைக் குறிப்பிட்ட சிபியு, நோடுகளுக்குள் அடைப்பது) போன்ற கட்டுப்பாடுகள் அதை உடைக்கும் என்று கோடிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நோடு வாரியாகக் கணக்குப் போட வேண்டியது நீங்கள்தான். பொதுவான என்ஆர்_ஹ்யூஜ்பேஜஸ் கோப்பில் பக்கங்களின் எண்ணை எழுதாமல், சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு நோடின் அடைவுக்குள்ளும் இருக்கும் அதே பெயர்க் கோப்பில் எழுதுங்கள். எழுதியதும் திரும்பப் படித்துப் பாருங்கள். நினைவகம் துண்டுதுண்டாகிப் போயிருந்தால் கெர்னல் 2048-க்குப் பதில் 1700 திரட்டிவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் இருந்துவிடும். காம்பேக்ட்_மெமரி கோப்பில் 1 எழுதி, சிதறியதை ஒன்றுசேர்க்கச் சொல்லிவிட்டு மறுபடி முயலலாம். உறுதியாக வேண்டுமென்றால் பூட் வரியிலேயே கேளுங்கள். 1 ஜிபி பக்கங்களுக்கு அதுவே நம்பத் தக்க வழி.

தொடக்கத்திலேயே எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிடுவது நல்ல பழக்கம். இதற்கு மேப்_பாப்புலேட் கொடியைப் பலர் போடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. பக்கங்களை நிரப்ப முடியாவிட்டாலும் எம்மேப் வெற்றி என்றே திரும்பும். அடி பிறகுதான் விழும். 5.14 கெர்னலிலிருந்து எம்அட்வைஸில் (நினைவகத்தை எப்படிக் கையாள்வது என்று கெர்னலுக்குச் சொல்லும் அழைப்பு) பாப்புலேட்_ரைட் இருக்கிறது. சிக்பஸ் வரவேண்டிய இடத்தில் அது ஈஃபால்ட் பிழையைத் திருப்பித் தரும். நிரல் காரணத்தை லாகில் எழுதிவிட்டு ஒழுங்காக வெளியேறலாம்.

சிக்பஸுக்கு இன்னும் மூன்று வாசல்கள் உண்டு. மேப்_நோரிசர்வ் போட்டிருந்தால் முன்பதிவே கிடையாது. யாரிடமும் புகார் சொல்ல முடியாது. சிகுரூப்பில் (நிரல் குழுக்களுக்கு வரம்பு போடும் வசதி) மேக்ஸ் வரம்பு வைத்திருந்தால் அது ஃபால்ட் நேரத்தில்தான் பிடிக்கும், அதாவது சிக்பஸ். 5.7-இல் வந்த ஆர்எஸ்விடி.மேக்ஸ் வரம்பு எம்மேப்பிலேயே மறுத்துவிடும். புதிதாக அமைப்பவர்கள் இரண்டாவதையே வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது ஃபோர்க், அதாவது நிரல் தன்னைப் பிரதியெடுத்துப் பிள்ளை நிரலை உருவாக்குவது. பிரைவேட் மேப்பிங்கில் (எழுதியது பிறருக்குத் தெரியாத தனி நினைவகம்) முன்பதிவு எம்மேப் செய்த நிரலுக்கு மட்டுமே சொந்தம், பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. ஃபோர்க்குக்குப் பின் தாய் எழுதும்போது நகலெடுக்கப் பக்கம் இல்லையென்றால், கெர்னல் பிள்ளையின் மேப்பிங்கிலிருந்து அந்தப் பக்கத்தை உருவிவிட்டுத் தாயைக் காப்பாற்றும். பிள்ளை பிறகு அந்த முகவரியைத் தொட்டால் சாவுதான். 2.6.27 முதல் நடைமுறை இது. பிள்ளைக்கு அந்த நினைவகம் தேவையில்லை என்றால் எம்அட்வைஸில் டோண்ட்ஃபோர்க் சொல்லிவிடுங்கள்.

முதல் இயந்திரத்துக்குத் திரும்புவோம். 512 பக்கம்தான் குறைகிறது. ஓவர்கமிட் கோப்பில் 512 எழுதினால், இரண்டாவது எம்மேப் வரும்போது கெர்னல் பொது நினைவகத்திலிருந்து அத்தனையையும் அங்கேயே திரட்டப் பார்க்கும். திரண்டால் டோட்டல் 4608, சர்ப்ளஸ் 512 என்று காட்டும். வேலை முடிந்ததும் அவை பொது நினைவகத்துக்கே திரும்பும். திரளாவிட்டால் பழைய ஈநோமெம்தான். நாள்கணக்கில் ஓடிய சர்வரில் இதை நம்பி இருக்கவேண்டாம். 1 ஜிபி பக்கத்துக்கு இந்த வசதியைப் பல கெர்னல்கள் தருவதில்லை.

செத்த பிறகும் ஃப்ரீ ஏறாததற்குக் காரணம் வேறு. ஷேர்டு மேப்பிங்கில் (பல நிரல்கள் பகிரும் நினைவகம்) முன்பதிவு நிரலோடு ஒட்டியதல்ல, ஹ்யூஜ்டிஎல்பிஎஃப்எஸ்ஸில் (ஹ்யூஜ் பேஜ்களைக் கோப்புகளாகக் காட்டும் கோப்பு முறைமை) இருக்கும் கோப்பின் ஐநோடோடு (கோப்பைப் பற்றிய கெர்னலின் பதிவு) ஒட்டியது. நிரல் போனாலும் கோப்பு இருக்கும். தொட்ட பக்கங்கள் ஃப்ரீக்கு வராது, தொடாதவை ரிசர்வ்டிலேயே நிற்கும். (கெர்னல் கோடைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஷேர்டில், முன்பதிவுப் பட்டியலான ரிசர்வ் மேப்பில் பதிவு இருந்தால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள், பிரைவேட்டில் பதிவு இருந்தால் அந்த வாக்கு செலவாகிவிட்டது என்று பொருள். ஒரே அமைப்புக்கு நேரெதிர் அர்த்தம். இதில் இடறாதவர் குறைவு.)

மவுண்ட் செய்த அடைவில் மிச்சமிருக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப்பில் (யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்று காட்டும் கருவி) பார்த்து, யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் அழியுங்கள். அங்கே ஒன்றுமில்லையானால் ஐபிசிஎஸ்ஸில் ஷேர்டு மெமரிப் பட்டியலைப் பாருங்கள். இணைப்பு எண்ணிக்கை 0 என்று நிற்கும் துண்டுகளை, உரியவரிடம் கேட்டுவிட்டு, ஐபிசிஆர்எம்மால் நீக்கலாம். நிரலைத் திருத்த முடியுமென்றால் கோப்பைத் திறந்து மேப் செய்ததுமே அன்லிங்க் செய்து அதன் பெயரை நீக்கச் சொல்லுங்கள், அல்லது மெம்எஃப்டியை (நினைவகத்தில் மட்டும் இருக்கும் பெயரில்லாக் கோப்பு) ஹ்யூஜ்டிஎல்பி கொடியோடு பயன்படுத்தச் சொல்லுங்கள். கடைசியாகப் பிடித்திருப்பவர் போனதும் பக்கங்களும் முன்பதிவும் தாமாகவே குளத்துக்குத் திரும்பும்.