500 ரூபாய்க்குள்ள ஒரு ஸ்டாரும் ஒரு குடிலும்

அன்புள்ள அக்கா,

நாங்க தூத்துக்குடி பக்கம். வீட்டுக்காரருக்கு உப்பளத்துல வேலை, மழைக்காலம் வந்துட்டா வேலை நின்னுரும், அதனால கிறிஸ்மஸ் வர்ற நேரம் தான் எங்க வீட்ல காசு ரொம்ப குறைவா இருக்கும். போன வருஷம் வீடியோ பாத்து எல்லாத்தையும் வீட்லயே செஞ்சிரலாம்னு கிளம்பி தெர்மாகோல், கிளிட்டர் ஷீட், குளு கன்னுன்னு வாங்கி 1400 ரூபா ஆயிருச்சு. கடையில ரெடிமேடா வாங்கியிருந்தா கூட அவ்வளவு ஆகியிருக்காது. அதுலயும் ஸ்டார் ஒரே மழையில நைஞ்சு போச்சு. இந்த வருஷம் என்கிட்ட இருக்கிறது 500 ரூபா. ஒரு ஸ்டார், ஒரு குடில், வீட்டுக்குள்ள கொஞ்சம் அலங்காரம், இவ்வளவும் முடியுமா? குடில்ல வைக்கிற மாதா, குழந்தை இயேசு பொம்மைங்க, அந்த சுரூபம் செட் விலை கேட்டுட்டு திரும்பி வந்துட்டேன். பிள்ளைங்களுக்கு 7 வயசு, 10 வயசு, அவங்களும் சேந்து செய்யணும்னு ஆசைப்படுறாங்க. அப்புறம் இதையே செஞ்சு வித்தா ஏதாவது கிடைக்குமா அக்கா? பேர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

முடியும். தாராளமா முடியும், இன்னும் டிசம்பர் பிறக்கல, நாள் இருக்கு.

முதல்ல அந்த 1400 ரூபா எங்க போச்சுன்னு பாப்போம், ஏன்னா உங்களுக்கு மட்டும் நடக்குற விஷயம் இல்ல இது. இப்ப கைவேலை வீடியோ முக்கால்வாசி கடையில வாங்குன சாமானை கடையில வாங்குன பசையால ஒட்டுறது தான், செய்றவங்க வீட்ல அந்த சாமான் ஏற்கனவே பெட்டி பெட்டியா இருக்கும், நமக்கு ஒவ்வொண்ணும் புதுசா வாங்கணும், ஒரு ஷீட்ல கால்வாசி தான் செலவாகும் மிச்சம் வீணா போகும். அதனால நான் எப்பவும் சொல்றது, என்ன செய்யலாம்னு வீடியோவுல தேடறதுக்கு முன்னாடி நம்ம தெருவுல, நம்ம தோட்டத்துல, நம்ம பரண்ல என்ன கிடக்குன்னு பாருங்க, அதுல இருந்து ஆரம்பிங்க. காசு போடணும்னா எலும்புக்கூட்டுக்கு போடுங்க, மேல போத்துறதுக்கு போடாதீங்க. எலும்பு நல்லா இருந்தா பத்து வருஷம் கூட வரும், மேல போத்துறதை வருஷா வருஷம் மாத்திக்கலாம்.

ஸ்டார்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மூங்கில் பிளாச்சு 10 வேணும், எல்லாம் ஒரே நீளம், 3 அடின்னு வச்சுக்கோங்க. ஒரே தடிமனா, முடிச்சு இல்லாம பாத்து வாங்குங்க, சுண்டு விரல் அகலம் போதும், ஓரத்தை கத்தியால சீவி வழவழன்னு ஆக்கிருங்க, பிள்ளைங்க கையில சிலாம்பு ஏறும். இப்ப பெரும்பாலானவங்க தடுமாறுற இடம் வருது. அஞ்சு குச்சியை தரையில பரப்பி கண்ணால பாத்தே ஸ்டார் ஆக்க பாப்பாங்க, ஒரு கால் நீளமாவும் ஒரு கால் குட்டையாவும் வரும். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அஞ்சு முனை ஸ்டார்ல ஒவ்வொரு குச்சியையும் மத்த குச்சிங்க ரெண்டு இடத்துல வெட்டும், அந்த இடம் எப்பவும் முனையில இருந்து மொத்த நீளத்துல நூத்துக்கு 38 பங்கு தள்ளி தான் வரும். 36 இஞ்ச் குச்சின்னா ரெண்டு முனையில இருந்தும் பதிமூணே முக்கால் இஞ்ச்ல ஒரு கோடு போட்டுருங்க, நடுவுல எட்டரை இஞ்ச் மிச்சம் இருக்கும். பத்து குச்சியிலயும் இப்படி மார்க் பண்ணிட்டு, பேனாவை எடுக்காம ஸ்டார் வரைவோம் இல்லையா அதே மாதிரி அடுக்கி, கோட்டுக்கு கோடு பொருத்தி நூலால கட்டுங்க. ஒரு குச்சி ஒரு இடத்துல மேல போனா அடுத்த இடத்துல கீழ போகணும், அப்ப தான் இறுகி நிக்கும். அளந்து கோடு போடுற வேலைய உங்க பத்து வயசுக்காரர்கிட்ட குடுங்க, கணக்குப் புத்தகத்துல படிக்கிறதை விட இதுல சதவீதம் நல்லா மண்டையில ஏறும்.

இப்படி ரெண்டு ஸ்டார் செஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் சேத்து கட்டிருங்க. அப்புறம் உள்ள குச்சிங்க வெட்டிக்கிற அஞ்சு இடத்துலயும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல 6 இஞ்ச் குச்சி ஒண்ணொண்ணா முட்டு குடுத்து கட்டுங்க, ஸ்டார் வயிறு உப்பி எழும்பி வரும். அதுக்காக இழுத்து வளைக்கும்போது பிளாச்சு ரொம்ப காஞ்சிருந்தா ஒடியும், ஒரு ராத்திரி தண்ணியில ஊற வச்சு எடுத்தா போதும். பிலிப்பைன்ஸ்ல பரோல்னு சொல்ற கிறிஸ்மஸ் விளக்கும் இதே கட்டு தான், மூங்கிலும் மெல்லிசு காகிதமும், அங்க சான் பெர்னாண்டோங்கிற ஊர்ல வீடு உயரத்துக்கு ராட்சச விளக்கு செஞ்சு போட்டியே நடத்துறாங்க, ஆனா மூலம் ஏழைங்க வீட்டு வாசல்ல தொங்குன மூங்கில் ஸ்டார் தான்.

மேல என்ன போத்துறதுங்கிறதுல தான் உங்க ஊர் மழைய யோசிக்கணும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன பக்கம் உங்களுது, அங்க கலர் பேப்பரை நம்பி வெளிய தொங்க விட முடியாது. என்னோட யோசனை துணி. பழைய வெள்ளை வேட்டியோ கிழிஞ்ச வாயில் சேலையோ எடுங்க, முக்கோணம் முக்கோணமா வெட்டி குச்சியைச் சுத்தி மடிச்சு ஊசி நூலால தைச்சிருங்க. பசை போட்டு ஒட்டுனா மழைத் தண்ணி பட்ட உடனே விட்டுரும். முன்னாடி ஒரு ஐங்கோணம் அஞ்சு முக்கோணம், பின்னாடியும் அதே, பக்கவாட்டுல பத்து ஒடுக்கமான முக்கோணம் வரும், பலரும் அந்த பக்கவாட்டை மறந்துட்டு துணி பத்தலைன்னு நிப்பாங்க. கலர் வேணும்னா மெல்லிசு கலர் பேப்பர்ல பூவோ புறாவோ வெட்டி துணிக்கு உள்பக்கமா ஒட்டுங்க, ஆனா பின்பக்கம் மூடுறதுக்கு முன்னாடியே ஒட்டிரணும். பகல்ல வெறும் வெள்ளை ஸ்டாரா இருக்கும், ராத்திரி விளக்கு போட்டா உள்ள இருக்கிறது தெரியும். அது எவ்வளவு அழகுன்னு எழுதி காட்ட முடியாது, செஞ்சு பாருங்க.

பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் தைக்காம ரெண்டு முடிச்சு போட்டு விடுங்க, பல்பு மாட்ட கை போகணும். பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு மட்டும் போடாதீங்க, பேர்ல தான் ஜீரோ, 10, 15 வாட் வரைக்கும் இழுக்கும், சூடாகும், துணிக்கும் பேப்பருக்கும் ஆபத்து. அரை வாட் எல்இடி பல்பு ஒண்ணு போதும். ஒயர்ல ஒட்டு எதுவும் வெளிய இருக்கக்கூடாது, மழை படாத வராண்டா கூரைக்கு அடியில தான் மாட்டணும். துணி நனையலாம், ஹோல்டர் நனையக்கூடாது.

இனி குடில். சுரூபம் விலை கேட்டுட்டு திரும்பி வந்துட்டேன்னு எழுதியிருந்தீங்க, அந்த வரிக்காக தான் உங்க கடிதத்தை உடனே எடுத்தேன். 1223ல இத்தாலியில கிரெச்சோங்கிற சின்ன ஊர்ல அசிசி பிரான்சிஸ் முதன்முதலா குடில் அமைச்சப்ப அதுல சுரூபமே கிடையாது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, சுத்தி நின்ன சனம், அவ்வளவு தான். பிரான்ஸ்ல புரட்சி நேரம் கோவிலை எல்லாம் மூடினப்ப தெற்குப் பக்கம் ப்ரோவான்ஸ்ல சனங்க வீட்லயே குடில் வச்சாங்க, அதுக்காக அச்சுல அமுக்கி எடுத்த சின்ன களிமண் பொம்மைங்க வந்துச்சு, மீன் விக்கிறவ, மாவு அரைக்கிறவன், ஆட்டுக்காரன்னு ஊர் சனமே அதுல பொம்மையா நிப்பாங்க. அப்ப உங்க குடில்ல உப்பு வாருற ஒரு ஆள் பலகையோட நின்னா அதுல என்ன குறை? தாராளமா நிக்கலாம், நிக்கணும்.

களிமண் குயவர்கிட்ட கேட்டா ஒரு உருண்டை சும்மாவே குடுப்பாங்க. பொம்மை நாலு இஞ்சுக்கு மேல வேண்டாம், உள்ள முழுசா களிமண்ணா இருந்தா வெடிக்கும், அதனால ஒரு குச்சியில சணல் சுத்தி அது மேல மண்ணை அப்புங்க. வெயில்ல வைக்காம நிழல்ல மெதுவா காய விடுங்க. முகம் நுணுக்கமா வரலைன்னு கவலையே படாதீங்க, தலையைக் குனிஞ்ச மாதிரி வச்சு மேல துணி முக்காடு போட்டுட்டா மாதா மாதாவா தான் தெரிவாங்க. ஏழு வயசுக்காரங்களுக்கு ஆடு செய்யக் குடுங்க, எத்தனை ஆடு வந்தாலும் குடில்ல இடம் இருக்கு. சுரூபம் தான் வேணும்னு மனசு இருந்தா மதுரை விளாச்சேரியில கொலு பொம்மை செய்றவங்களே கிறிஸ்மஸ் செட்டும் செய்றாங்க, ஆனா முழு செட்டா வாங்காம இந்த வருஷம் குழந்தை இயேசுவை மட்டும் வாங்குங்க, அடுத்த வருஷம் இன்னொண்ணு.

மலைக்கு சிமெண்ட் சாக்கோட உள் பேப்பர், அதை விட நல்ல சாமான் கிடையாது. நல்லா உதறிட்டு, கசக்கி, மைதா பசையில ஒரு கை தடவி, அட்டைப் பெட்டி மேல போத்தி காய விட்டா பாறை மாதிரியே விறைச்சு நிக்கும். பசைக்கு ஒரு பங்கு மைதாவுக்கு அஞ்சு பங்கு தண்ணி, கட்டி இல்லாம கரைச்சு சின்ன தீயில கிண்டுங்க, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிருங்க. கெட்டுப் போகாம இருக்க சிலர் மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், பிள்ளைங்க கை வைக்கிற இடத்துல வேண்டாம், ஒரு சிட்டிகை படிகாரம் போடுங்க. கலருக்கு காவிப்பொடியும் அடுப்புக்கரியும் போதும், கொஞ்சம் சுண்ணாம்பை பிரஷ்ல தொட்டு மேடு மேடா இருக்கிற இடத்துல மட்டும் இழுத்து விடுங்க, பாறையில வெயில் படுற மாதிரி வரும். சுண்ணாம்பு வேலை மட்டும் நீங்க செய்ங்க.

புல்லுக்கு கேழ்வரகு. ராத்திரி ஊற வச்சு, பழைய தட்டுல ஈர மணல் பரப்பி நெருக்கமா தூவி, டிசம்பர் 14 வாக்குல போட்டா 24 சாயந்தரம் பச்சைப் பசேல்னு நிக்கும். உங்க தெருவுல முளைப்பாரி போடுறவங்க யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட பக்குவம் கேளுங்க, அவங்களுக்கு தெரியாத முளை கிடையாது. ஒரே வித்தியாசம், முளைப்பாரிய இருட்டுல வச்சு வெளிர் மஞ்சளா எடுப்பாங்க, நமக்கு பச்சை வேணும், அதனால முளை கண்டதும் வெளிச்சத்துக்கு கொண்டு வந்துருங்க. ப்ரோவான்ஸ்லயும் இதே பழக்கம் இருக்கு, டிசம்பர் 4 புனித பார்பரா நாள்ல தட்டுல கோதுமை முளை போட்டு குடில் பக்கத்துல வைப்பாங்க.

வீட்டுக்குள்ள அலங்காரத்துக்கு பனை இருக்கும்போது வேற எதுக்கு? குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில சிலுவை மடிக்கத் தெரிஞ்ச கை உங்களுக்கு இருக்கும்னு நினைக்கிறேன். ஜெர்மனிக்காரங்க நாலு பேப்பர் துண்டை பின்னி மடிச்சு பதினாறு முனை ஸ்டார் செய்வாங்க, கிண்டர்கார்டன் ஆரம்பிச்ச ப்ரோபெல் பேர்ல தான் அதைச் சொல்றாங்க, அதை பேப்பருக்கு பதிலா பனங்குருத்துல செஞ்சா வருஷக்கணக்கா நிக்கும். அரை இஞ்ச் அகலம்னா 15 இஞ்ச் நீளம் வேணும், ஓலை ஈரமா இருக்கும்போதே மடிக்கணும். மடிக்கிற விதத்தை எழுத்துல சொன்னா குழம்பிருவீங்க, இதுக்கு மட்டும் ஒரு வீடியோ பாருங்க.

கிளிட்டர் வேண்டாம். பிள்ளைங்க கண்ணுலயும் சோத்துலயும் போற பிளாஸ்டிக் தூள் அது, உதிரியா விக்கிறதை ஐரோப்பிய யூனியன் 2023ல தடையே பண்ணிட்டாங்க. மினுக்கு வேணும்னா படிகாரம் இருக்கு. ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணியில 60 கிராம் படிகாரத்தை கரைச்சு, ஈர்க்குச்சியில சின்ன ஸ்டார் கட்டி நூல் சுத்தி அதுல தொங்க விட்டு, ராத்திரி பூரா அசைக்காம வச்சா காலையில குச்சி முழுக்க கண்ணாடித் துண்டு மாதிரி பூத்திருக்கும். அது ஏன் அப்படி பூக்குதுன்னு பிள்ளைங்களுக்கு அவங்க அப்பாவே சொல்லட்டும், உப்பு பூக்குறதை தினமும் பாக்குற மனுஷன் அவர், நாள் பூரா பாத்தியில அவர் பாக்குற வேலை என்னன்னு பிள்ளைங்களுக்கும் அப்ப தான் புரியும்.

விக்கிறது பத்தி கேட்டீங்க. பெரிய ஸ்டார் இந்த வருஷம் விக்க முயற்சி பண்ணாதீங்க, கட்ட நேரம் பிடிக்கும், கடையில வர்ற பிளாஸ்டிக் ஸ்டார் விலையோட அது மோத முடியாது. ஓலை ஸ்டார் விக்கலாம். சின்னது, எடை இல்லாதது, நனைஞ்சாலும் காய வச்சுக்கலாம். உங்க பக்கம் மணப்பாட்டுல பெண்கள் பனையோலைப் பெட்டி முடைஞ்சு வெளியூருக்கு அனுப்புறாங்க, ஓலைக்கு சாயம் ஏத்துறது, காய வைக்கிறது எல்லாம் அங்க தெரிஞ்சவங்க இருப்பாங்க, ஒரு தடவை போய் பாத்துட்டு வாங்க. விலை வைக்கும்போது ஓலைக்கும் சாயத்துக்கும் மட்டும் கணக்கு போட்டு, வீட்ல சும்மா இருக்கிற நேரம் தானேன்னு உங்க கூலியை விட்டுராதீங்க. அப்படி விட்டு விட்டு தான் நம்ம பொம்பளைங்க கைவேலை எல்லாம் மலிவா போச்சு, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஒரு மணி நேரத்துல எத்தனை மடிக்க முடியுதுன்னு கடிகாரம் வச்சு பாருங்க, உங்க ஊர்ல ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை மணிக்கு பிரிச்சு அந்த விலையில ஏத்துங்க. அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லைன்னா உங்க வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் செய்ங்க, விக்க வேண்டாம்.

500 ரூபாயில மூங்கில், எல்இடி பல்பு, ஒயர் ஹோல்டர், இது மூணு தான் பெரிய செலவு. மைதா, படிகாரம், கேழ்வரகு எல்லாம் சில்லறை. மூங்கில் வாங்கப் போறதுக்கு முன்னாடி வராண்டா உயரத்தை ஒரு தடவை அளந்துக்கோங்க, 3 அடி குச்சின்னா ஸ்டாரும் கிட்டத்தட்ட 3 அடி உயரம் வரும், தலையில இடிக்கும்னா எல்லா அளவையும் பாதியா வச்சுக்கோங்க, முட்டுக்குச்சி 3 இஞ்ச், கோடு கிட்டத்தட்ட ஏழு இஞ்ச்ல.