மாறிய ரெக்கார்டுகளை மட்டும் எடுக்கும்போது யார் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

நாற்பது லட்சம் ரெக்கார்டு உள்ள டேபிளைத் தினமும் ராத்திரி முழுசாக இழுக்கிறீர்கள், மூன்று மணி நேரம் ஆகிறது. ‘கடைசியாக மாறிய நேரம்’ என்ற ஃபீல்டை வைத்து மாறியதை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதும். ஆனால் அந்த நேரத்தை எந்தக் கடிகாரம் எழுதுகிறது, எந்தக் கணத்தில் எழுதுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் ஒரு குடும்பத்தை விமான நிலையத்தில் காக்க வைத்தேன்.

நான் மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்க்கிறேன். கடலோர ஓட்டல்களின் முன்பதிவு டேட்டாபேஸ் பாரிஸில் ஒரு சர்வரில் இருந்தது. அதிலிருந்து மாறிய முன்பதிவுகளை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஓடி இங்கே கொண்டுவரும் புரோகிராம்தான் என் ஜாப். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிளெசான்ஸ் விமான நிலையத்துக்குக் கார் போகும். ஒவ்வொரு தடவையும் எந்த நேரம் வரை எடுத்தேன் என்று குறித்துக்கொண்டு, அடுத்த தடவை அதற்குப் பிந்தியதை மட்டும் கேட்பேன். வாட்டர்மார்க் என்பார்கள். நான் அதை ‘விட்ட இடம்’ என்றே சொல்கிறேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. பிரான்ஸில் கோடை நேரம் முடிந்து, விடியற்காலை 3 மணிக்குக் கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்பி வைப்பார்கள். இங்கே அப்போது காலை 5 மணி. அந்த சர்வர் பாரிஸ் நேரத்தையே ஃபீல்டில் எழுதிக்கொண்டிருந்தது. என் விட்ட இடம் 2:58. இங்கே 5 மணிக்குப் பிறகு இரவு ஷிப்ட் ஆட்கள் செய்த மாற்றங்களெல்லாம் 2:05, 2:20, 2:40 என்று மறுபடியும் முந்தைய நேரத்தில் விழுந்தன. 2:58-ஐ விடச் சிறியவை என்பதால் என் குவரி அவற்றைத் தொடவே இல்லை. லாக்கில் 5:15, 5:30, 5:45 மூன்றிலும் ‘0 ரெக்கார்டு, வெற்றி’. பாரிஸ் கடிகாரம் மறுபடி 2:58-ஐத் தாண்டியதும், 6:15-க்கு எல்லாம் பழையபடி வரத் தொடங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் 5:20-க்கு விமானம் மாற்றி எழுதப்பட்ட ஒரு முன்பதிவு எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. கைக்குழந்தையோடு இறங்கியவர்கள் ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றார்கள். அந்த ஓட்டுநரின் போன் வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதனால் முதல் காரியமாக, மூல டேபிள் யுடிசி நேரத்தில் (கோடையிலும் மாறாத உலகப் பொது நேரம்) எழுதுகிறதா என்று பாருங்கள். மொரீஷியஸ் எப்போதும் யுடிசி-க்கு 4 மணி நேரம் முன்னால்தானே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இங்கேயே 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை கோடை நேரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அந்தக் காலத்துப் பழைய டேட்டாவைத் தொடுகிறவர்களுக்கு இதே தலைவலி உண்டு.

யுடிசி ஆக்கிவிட்டாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. உண்மையில் இதுதான் அடிக்கடி கடிப்பது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்போதைய நேரம் கேட்கும் நௌ() தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கமிட் ஆன நேரம் அல்ல. டிரான்சாக்‌ஷன் என்பது சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு, கமிட் என்பது அது உறுதியாகி மற்றவர் கண்ணுக்குத் தெரியும் கணம். 10:00-க்குத் தொடங்கிய ஒரு நீண்ட டிரான்சாக்‌ஷன் 10:07-க்குத்தான் கமிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜாப் 10:05-க்கு ஓடி, 10:04 முத்திரை உள்ள வேறொரு ரெக்கார்டை எடுத்து, விட்ட இடத்தை 10:04 என்று குறிக்கிறது. 10:07-க்கு அந்த முதல் ரெக்கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதன் முத்திரை 10:00. அடுத்து யாராவது அதைத் தொட்டால் ஒழிய அது உங்களிடம் வரவே வராது.

அதற்கு நான் செய்வது எளிது. விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் போய் எடுக்கிறேன். யுடிசி என்றால் பத்து நிமிடம் அல்லது உங்கள் மிக நீண்ட டிரான்சாக்‌ஷனின் நேரம், எது பெரியதோ அது. மூலத்தில் உள்ளூர் நேரத்தை மாற்றவே முடியாது என்றால் ஒன்றரை மணி நேரம். எடுத்ததே மறுபடி வரும், வரட்டும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனியாக உள்ள முதன்மை எண்ணை வைத்து, இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்று எழுதினால் இரண்டு தடவை வந்தாலும் கேடு இல்லை. மைசீக்வல் டேட்டாபேஸில் டேட்டைம் ஃபீல்டு தானாக விநாடி வரைதான் வைத்துக்கொள்ளும். ஒரே விநாடியில் இரண்டு ரெக்கார்டு மாறி, ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்திருந்தாலும் இந்தப் பின்னோக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும்.

விட்ட இடத்தை எடுத்த ரெக்கார்டுகளின் மிகப்பெரிய நேரத்திலிருந்து எடுங்கள், ஜாப் ஓடும் மெஷினின் கடிகாரத்திலிருந்து வேண்டாம். டேட்டா எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் அதையும் எழுதுங்கள். பாதியில் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.

மூலம் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ் என்றால் நேரத்தையே விட்டுவிட்டு ரோவெர்ஷன் ஃபீல்டுக்குப் போங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் 8 பைட் எண் அது. கமிட் ஆகாமல் நிற்கும் மாற்றங்களில் மிகச் சிறிய எண்ணைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் எடுக்கலாம். மாற்றங்களை டேட்டாபேஸ் குறித்து வைக்கும் லாக்கையே படிக்கும் டெபீசியம் போன்ற மென்பொருள்கள் இன்னும் உறுதி, ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

அழிக்கப்பட்ட ரெக்கார்டு எந்த நேர முத்திரையிலும் வராது. வாரம் ஒரு முறை இரண்டு பக்கத்து முதன்மை எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அப்புறம், பில்லின் வரிகள் மாறும்போது பில் தலைப்பின் நேரம் மாறுகிறதா என்றும் பாருங்கள், பல மென்பொருளில் மாறாது.

இன்று ராத்திரி ஜாப்பை மாற்றுவதற்கு முன், அந்த நேர ஃபீல்டு காலியாக இருக்கும் ரெக்கார்டுகள் எத்தனை என்று ஒரு குவரி போடுங்கள். உருவாக்கிய பிறகு யாருமே தொடாத ரெக்கார்டுகளில் அது காலியாக (NULL) இருப்பது சகஜம், ‘இதைவிடப் பெரியது’ என்ற நிபந்தனை அவை அத்தனையையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். எண்ணிக்கையை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.