சிறு டிராக்டரையும் முன் பிளேடையும் மட்டும் வைத்து 30 சென்ட் இடத்தில் மண்ணை நிரவ முடியுமா?

காரைக்குடிக்கு அருகே 30 சென்ட் மனையில் லாரி மண் குவியல் குவியலாகக் கிடக்கிறது என்றும், கையில் 24 குதிரைத்திறன் டிராக்டரும் அதன் முன்புறம் மாட்டும் பிளேடும் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜேசிபி வைக்காமல் நிரவ முடியுமா, தள்ளிப் பார்த்தபோது மண் அலை அலையாக நின்றது ஏன் என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும். பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டை ஒட்டிய 40 சென்ட் இடத்தை இதே போன்ற வண்டியைக் கொண்டுதான் நிரவினேன். ஆனால் அந்த வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது. முதல் முறை கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை தள்ளிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஐப்பசியில் பெய்த முதல் கனமழையின் நீர் முழுவதும் வீட்டின் பின்சுவரோரம் வந்து தேங்கியது. அடிச்சுவரில் ஈரம் ஏறி, பழைய சுண்ணாம்புப் பூச்சு உப்பிப் பெயர்ந்தது. ஆகவே மண்ணைத் தொடுவதற்கு முன்னால், நீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். நிரவுவது என்றால் மட்டமாக்குவது என்று பொருள் கொள்ளக் கூடாது. நீருக்கு ஒரு சரிவைக் கொடுப்பதுதான் இந்த வேலை.

நம் ஊர்களின் பழைய வீடுகள் உயர்ந்த அடித்தளத்தின் மேல் நிற்பதையும், முற்றத்து நீர் தெருவுக்கு வந்து, தெருவின் சரிவில் ஊருணிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேருவதையும் பார்த்திருப்பீர்கள். உங்கள் மனையும் அந்த ஓட்டத்துக்குள் ஒரு துண்டுதான். தெருவை விட எந்த மூலை தாழ்ந்திருக்கிறது, பக்கத்து மனையின் நீர் உங்கள் இடம் வழியாகப் போகிறதா என்று ஒரு மழை நாளில் நின்று பார்த்துவிடுவது நல்லது. வீட்டுச் சுவரை ஒட்டிய முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறக்கம் இருக்கட்டும். அதற்கு அப்பால் 100 அடிக்கு 1 அடி போதும். சரிவு மிகவும் அதிகமானால் செம்மண் அரித்துக்கொண்டு போய்விடும். அளப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதுமானது. குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, 20 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் மண் எந்த உயரத்துக்கு வர வேண்டும் என்று சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோடுகள் இல்லாமல் இருக்கையில் உட்கார்ந்து கண்ணால் மட்டம் பார்ப்பவருக்கு, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், அரை அடி வித்தியாசம் தெரிவதில்லை.

வந்திருக்கும் மண் போதுமா என்ற கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதில் 3 அங்குலம் உயர்த்த ஏறக்குறைய 109 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்று அதிகமான மண் வேண்டும். 30 சென்டுக்கு 33 யூனிட் ஆகிறது. லாரியில் வருவது உதிரி மண் என்பதால், மழையிலும் சக்கரத்திலும் அமர்ந்த பிறகு அது நான்கில் ஒரு பங்கு வரை இறங்கக்கூடும். எனவே 40 யூனிட்டுக்கு மேல் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முன் பிளேடின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அது உதிரி மண்ணைத் தள்ளுமே தவிர, கெட்டி மண்ணைத் தோண்டாது. நம் பக்கத்துச் செம்மண்ணும் செம்புறைச் சரளையும் கோடையில் கல்லாக இறுகிவிடுகின்றன. அதன் மேல் பிளேடை அழுத்தினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அல்லது பிளேடின் தாங்கு சட்டம் வளையும். மேட்டை வெட்ட வேண்டிய இடங்களில் முதலில் கல்டிவேட்டரை (டிராக்டரின் பின்னால் மாட்டும் கொழுக் கலப்பை) போட்டுக் கிளறிவிட்டு, உதிர்ந்த மண்ணை மட்டும் பிளேடால் நகர்த்துங்கள். பிளேடின் எடை முன் அச்சில் ஏறுவதால் பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது என்பதையும் கவனியுங்கள். பின்னால் கல்டிவேட்டர் மாட்டியே இருந்தால் அதுவே எதிர் எடையாக இருக்கும்; அது இல்லையென்றால் பின் டயர்களில் நீர் நிரப்புவது நல்ல பலன் தரும். லோ கியரில், ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். குவியலை நடுவில் முட்டக் கூடாது. ஓரத்திலிருந்து பிளேடின் பாதி அகலத்துக்குச் சீவிச் சீவி எடுத்தால் இந்தச் சிறு வண்டியே பெரிய குவியலையும் கரைத்துவிடும். பிளேடைச் சற்றுச் சாய்கோணத்தில் வைத்தால் மண் ஒரு பக்கமாக வரப்புப் போல வழிந்து விழும், அந்த வரப்பை அடுத்த ஓட்டத்தில் பரப்பலாம். ஒரு நேரத்தில் அரை அடிக்கு மேல் மண் போடாமல், ஒவ்வொரு அடுக்கையும் சக்கரத்தால் மிதித்த பிறகே அடுத்ததைப் பரப்புங்கள்.

இனி அலைகள் பற்றி. பிளேடு முன்சக்கரங்களுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறியவுடன் பிளேடும் மேலே போய் மண்ணை விட்டுவிடுகிறது; சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிளேடு கடிக்கிறது. விட்ட மண்ணின் மேலேயே சக்கரம் மீண்டும் ஏறுவதால், ஒரே திசையில் போகப் போக அலை பெரிதாகிறதே தவிர அடங்குவதில்லை. ஆழத்தை லீவரால் அடிக்கடி மாற்றினால் இன்னும் மோசமாகும். கிழக்கு மேற்காகத் தள்ளிய இடத்தில் அடுத்து வடக்கு தெற்காகவும், அதன் பின் மூலைவிட்டமாகவும் ஓட்டுங்கள். கடைசியாக, ஹைட்ராலிக் லீவரில் மிதவை நிலை (பிளேடு தன் எடையிலேயே தரையின் மேடு பள்ளத்தைத் தொடரும் நிலை) இருந்தால் அதில் பிளேடைத் தளர்த்திவிட்டு, பின்னோக்கி வந்து அதன் முதுகால் இழுங்கள். இப்படி வரும்போது சக்கரத் தடங்களையும் பிளேடே அழித்துக்கொண்டு வரும். எனக்கு அதை விடவும் சீரான முடிவைத் தந்தது நம் வயலில் அடிக்கும் பரம்புதான். கனமான பழைய கட்டை ஒன்றை இரு சங்கிலிகளால் பின்னால் கட்டி இழுத்தபோது, பிளேடால் ஒரு நாள் முழுவதும் போராடியும் போகாத அலை ஒரு மணி நேரத்தில் மறைந்தது. நாற்று நடுவதற்கு வயலைத் தயார் செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மனை வேலையில் ஏனோ மறந்துவிடுகிறோம்.

மண்ணின் பதம் பார்ப்பதில் அவசரம் வேண்டாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். அதை விட ஈரமாக இருந்தால் செம்மண் பிளேடில் அப்பிக்கொள்ளும், சக்கரம் மிதித்த இடம் காய்ந்து ஓடு போலாகிவிடும். புழுதியாக இருந்தால் அமராது. முந்தைய நாள் மாலை நீர் தெளித்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் வரும் சிறு மழைகளுக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்கள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு தொடங்காதீர்கள்.

செடி வைக்கும் பகுதியில் மேல்மண் அரை அடியைத் தனியாக ஒதுக்கி, கடைசியில் அதையே மேலே போடுங்கள். சரளையை மேலே விட்டால் அதில் புல்கூட முளைக்காது. இங்கேதான் சிறு டிராக்டரின் அருமை தெரியும். 7 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜேசிபி ஏறி இறங்கிய இடத்தில் வேர் இறங்குவது எவ்வளவு கடினம் என்பதை எங்கள் மனையின் ஒரு மூலையில் இன்றும் பார்க்கிறேன். வேம்பு, மா போன்ற நிற்கும் மரங்களின் அடித்தண்டில் மண்ணைக் குவிக்காதீர்கள். பட்டை அழுகும், வேருக்குக் காற்று கிடைக்காது. வண்டல் கலக்க விரும்பினால், கண்மாயிலிருந்து உரிய அனுமதி பெற்றே எடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். நம் பழைய மனைகளில் கைப்பிடிச் சுவர் இடிந்து புதர் மூடிய கிணறுகளும், மேல்பலகை பலமிழந்த கழிவுநீர்த் தொட்டிகளும் இருக்கக்கூடும். வண்டியை எடுப்பதற்கு முன் இடம் முழுவதும் நடந்து, அவற்றைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கொடி நட்டுவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் மண்வெட்டி மட்டுமே. வண்டியை விட்டு இறங்கும்போது பிளேடைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்தாலும் ஒரு யூனிட் மண்ணை ஒரு மூலையில் வைத்திருங்கள். முதல் நல்ல மழை நின்றதும் குடையோடு ஒரு முறை நடந்து, நீர் தேங்கிய இடங்களில் எல்லாம் குச்சி நட்டு வாருங்கள். மண் காய்ந்ததும் அந்தப் பள்ளங்களை மண்வெட்டியால் நிரப்பி மட்டக்கட்டையால் இழுத்துவிடலாம், டிராக்டர் தேவைப்படாது. நீர் வெளியேறும் மூலையில் ஆறடி அகலத்துக்கு அருகம்புல்லைப் பதித்துவிடுங்கள், செம்மண் கரைந்து ஊருணிக்குப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும்.