36 சதுர மைல்ல எழுபது பேரா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் அமெரிக்காவுல நார்த் டகோட்டா பக்கம் வேலைல இருக்கான். அவன் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒரு டவுன்ஷிப், பரப்பளவு 36 சதுர மைல், ஜனத்தொகை வெறும் 70ன்னு சொல்றான். ஒரு சைபரை விட்டுட்டியாடான்னு கேட்டேன், இல்லையாம். அடுத்த டவுன்ஷிப்பும் அதே 36 தானாம். அதெப்படி சார் எல்லாம் ஒரே அளவு? (வாசகி, நாமக்கல்)

பதில்: சைபர் எதுவும் விட்டுப்போகலம்மா, பையன் சொன்னது சரிதான். 1785ல அமெரிக்கா கடன்ல முழுகிக் கிடந்த நேரம், கஜானாவுல காசு இல்ல, மேற்கால நிலம் மட்டும் கிடக்கு (அதுவும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்துட்டிருந்த நிலம், காலி மனை இல்ல), அதை வித்துக் காசாக்கணும்னு ஒரு சட்டம் போட்டு ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டம் கட்டமா அளக்க ஆரம்பிச்சாங்க. ஒரு கட்டம்னா ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள மைலுக்கு மைல்னு 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அளந்தது 66 அடி நீளம் நூறு லிங்க்ஸ் இருக்கற கன்டர் செயின்ல, நம்ம வீட்டுப் பழைய எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) இருந்தா எடுத்துப் பாருங்க, கோட்டோரமா எழுதியிருக்கற நம்பரும் அதே லிங்க்ஸ்தான், ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட்.

செக்‌ஷனுக்கு நம்பர் போட்டிருக்கற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வடகிழக்கு மூலைல 1, அப்படியே மேற்கால போயி 6, கீழ இறங்கி 7, மறுபடி கிழக்கால திரும்பி 12னு, ஏர் ஓட்டறவன் வரப்புக்கு வரப்பு திரும்பற மாதிரி போயி தென்கிழக்கு மூலைல 36ல முடியும். இதுல 16ம் நம்பர் பள்ளிக்கூடத்துக்குன்னு ஒதுக்கினது, நார்த் டகோட்டாவுல 36ம் சேர்த்து.

ஆனா பூமி உருண்டையாச்சே, வடக்க போகப் போக தீர்க்கரேகை எல்லாம் நெருங்கும், கட்டம் சதுரமா நிக்காது. அதனால 24 மைலுக்கு ஒருக்கா கணக்கைச் சரி பண்ணி கட்டத்தைப் புதுசா ஆரம்பிச்சாங்க. பையன்கிட்ட கேளுங்க, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி வடக்க போற ரோடு, நடுக்காட்டுல காரணமே இல்லாம பக்கவாட்டுல ஒடிஞ்சு திரும்ப வடக்க போறதைப் பார்த்திருப்பான். நம்ம ஊர்ல ரோடு அப்படி வளைஞ்சா யாரோ பெரிய மனுஷன் தோட்டம்னு அர்த்தம், அங்க அந்த சர்வே பண்ணின வேலை!

இப்போ அந்த 70க்கு வரேன். 1862ல ஹோம்ஸ்டெட் சட்டம் வந்துச்சு, அஞ்சு வருஷம் தங்கி உழுதா 160 ஏக்கர் உனக்குன்னு. செக்‌ஷனுக்கு நாலு குடும்பம், 36க்கு 144, வீட்டுக்கு அஞ்சு தலை வச்சா 720 பேர். இது பேப்பர் கணக்கு. மழை கம்மியான அந்தப் புல்வெளியில 160 ஏக்கர் வச்சு பல பேரால பொழைக்க முடியல, 1930கள்ல வறட்சி வேற, அப்புறம் டிராக்டரும் காம்பைன்ங்கற அறுவடை மெஷினும் வந்து ஒரே குடும்பம் பத்து குடும்ப நிலத்தை ஓட்டலாம்னு ஆயிடுச்சு. இன்னைக்கு அந்த மாநிலத்துல சராசரிப் பண்ணையே 1,500 ஏக்கர் கிட்ட. 23,040 ஏக்கரை 1,500ஆல வகுத்துப் பாருங்க, பதினஞ்சு பண்ணை, வீட்டுக்கு நாலஞ்சு பேர் போட்டா பையன் சொன்ன கணக்கு வந்துரும். ஸ்லோப் கவுண்ட்டின்னு ஒரு மாவட்டமே இருக்கு, 1,200 சதுர மைலுக்கு மேல, 2020 சென்சஸ்ல 706 பேர். நம்ம தமிழ்நாட்டு 2011 சராசரி அடர்த்திய அந்த ஒரு டவுன்ஷிப் மேல போட்டா அதுலயே அம்பதாயிரம் பேருக்கு மேல வரும்.

கேள்வி: எழுபது பேருக்கு ஒரு நிர்வாகமா, யாரு பார்ப்பாங்க? (வாசகர், ஆண்டிபட்டி)

பதில்: அவங்கள்ல நாலஞ்சு பேரேதான். மூணு சூப்பர்வைசர், ஒரு கிளார்க், ஒரு டிரஷரர், முக்கால்வாசி வேலை ரோடுதான், கிராவல் கொட்டறது, பனி தள்ளறது. போலீஸ், கோர்ட்டு எல்லாம் கவுண்ட்டி கையில. பக்கத்து மாநிலம் மினசோட்டாவுல மார்ச் மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை வருஷக் கூட்டம், வந்து உட்கார்ற ஓட்டர்களே வரி எவ்வளவு போடலாம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. நம்ம கிராம சபைல இந்த அதிகாரம் குடுத்தா கூட்டம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன். எல்லா மாநிலத்துலயும் இது கிடையாது, இருபது மாநிலத்துலதான் டவுன்ஷிப் ஆட்சி.

கேள்வி: இந்த மாதிரி ஒரு குட்டி ஊரைப் பத்திப் படிச்சேன், '100 பெண்களுக்கு 122.2 ஆண்கள்'னு போட்டிருக்கு. அங்கயும் பெண் சிசுக்கொலையா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: பயப்படாதீங்க. மொதல்ல, நாம ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண்ணுன்னு எண்ணுவோம், அவங்க நூறு பெண்ணுக்கு எத்தனை ஆணுன்னு எண்ணுவாங்க, அதனால நம்பர் தலைகீழாத் தெரியும். ரெண்டாவது, 40 பேர் ஊர்ல 22 ஆம்பளை 18 பொம்பளை இருந்தாலே 122.2 வந்துரும், ரெண்டு பொண்ணுங்க காலேஜ் முடிச்சு ஊர் திரும்பினா சரியா 110! இவ்ளோ சின்ன ஊருக்கு தசம புள்ளி போடறதே வேண்டாத வேலை. இன்னொரு கூத்து, நெப்ராஸ்காவுல மோனோவைன்னு ஒரு ஊர், அதுல ஒரே ஒரு அம்மா, அவங்களே மேயர், அவங்களே கிளார்க், ஊர்ல இருக்கற மதுக்கடையும் அவங்களதுதான். 2020 சென்சஸ் அங்க 2 பேர்னு போட்டுச்சு. தனி ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சின்ன இடத்து எண்ணிக்கையை சென்சஸ்காரங்களே வேணும்னே கொஞ்சம் மாத்திப் போடறாங்க, மாநில மொத்தத்துல மட்டும் கை வைக்க மாட்டாங்க.